களிம்பேறிய நாக்கு

காது ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அத்தை ரசம் வைத்துக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "எந்தப் பாத்திரத்துல அத்தை வச்சீங்க?" என்று கேட்டேன். ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தில் புளியை ஊற்றி வைத்தால் ஒரு களிம்பு ருசி ஏறுமே, பச்சையாக, நாக்கின் ஓரத்தைச் சுரண்டுகிற மாதிரி, அதுதான் வந்தது. அத்தைக்குக் கோபம். "எவர்சில்வர் சட்டியிலதான் வச்சேன், வேணும்னா வந்து பாரு" என்றார். தலை சுற்றிக்கொண்டிருந்த நிலையிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை போய்ப் பார்த்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. எவர்சில்வர்தான். தண்ணீர் குடித்தேன், அதிலும் களிம்பு. ஒன்றும் சாப்பிடாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன், அப்போதும் களிம்பு.

ஆபரேஷன் செய்தது இடது காதில். கெட்டுப்போனது நாக்கு.

இது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. போன வாரம் எங்கள் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு டீச்சரின் தங்கை போன் செய்து, தனக்கும் இதே ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள், வலிக்குமா அக்கா என்று கேட்டார். வலியைப் பற்றி ஒரு வரி சொன்னேன், நாக்கைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். பாவம், அந்தப் பெண் பயந்தேபோயிருப்பாள். அதனால் நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு இருப்பது ஓட்டோஸ்க்ளீரோசிஸ். காதுக்குள் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் இருப்பது பள்ளியில் நானே நடத்துகிற பாடம். மூன்றாவதான அங்கவடிதான் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு, 3 மில்லிமீட்டர் சொச்சம். அதன் அடித்தட்டைச் சுற்றி வேண்டாத எலும்பு வளர்ந்து அதை அசையவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் நோய். பெண்களுக்கு அதிகம் வருகிறது, குடும்பத்திலும் ஓடும். அம்மா வழியில் ஒரு பாட்டிக்கு எங்கள் ஊரில் 'செவிட்டாச்சி' என்றே பெயர், அவர் உண்மையான பெயர் எனக்குக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியும். இந்த நோயில் ஒரு வேடிக்கை உண்டு. மற்றவர்களுக்குக் காது கேட்காத இரைச்சலில் நமக்கு நன்றாகக் கேட்கும். வகுப்பில் முன்பெஞ்சுப் பிள்ளை சொல்வது கேட்காது, ஓடுகிற பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் பேசுவது தெளிவாகக் கேட்கும். 17-ம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற இங்கிலாந்து மருத்துவர், பக்கத்தில் கொட்டு அடித்தால் மட்டுமே பேச்சு கேட்கிற ஒரு பெண்ணைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். படித்தபோது அந்த அம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆபரேஷன் மதுரையில். அசையாத அங்கவடியின் மேல் பாகத்தை எடுத்துவிட்டு, அடித்தட்டில் ஒரு சிறு துளை போட்டு, டெஃப்லான் பிஸ்டன் ஒன்றைப் பட்டடை எலும்பில் கொக்கி மாதிரி மாட்டி அந்தத் துளைக்குள் இறக்குவார்கள். 1956-ல் அமெரிக்காவில் ஜான் ஷே என்பவர் அங்கவடியை எடுத்துவிட்டு டெஃப்லானில் செய்த மாற்று எலும்பை வைத்துக் காட்டியதிலிருந்து வளர்ந்த முறை இது. எனக்குக் காது மட்டும் மரக்க ஊசி போட்டுச் செய்தார்கள், முழு மயக்கம் கிடையாது. நடுவில் ஒரு நொடி, நாக்கின் இடது ஓரத்தில் சுள்ளென்று ஒரு புளிப்பு, அரைநெல்லிக்காயைக் கடித்தது போல. சொல்லலாமா என்று நினைத்தேன். பேசக்கூடாது, தலையை அசைக்கக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்ததால் கம்மென்று கிடந்தேன். பிஸ்டனை மாட்டியதும் டாக்டர் ரகசியம் பேசுகிற குரலில் "டீச்சர், கேக்குதா?" என்றார். கேட்டது. யாரோ கத்தரியைத் தட்டில் வைத்த 'டங்' கூடக் கேட்டது. கண்ணீர் வழிந்து வலது காதுப் பக்கம் இறங்கியதே தவிர, தலையை அசைக்கவில்லை.

முந்தின நாள் கையெழுத்துப் போட்ட தாளில் என்னென்ன ஆகலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது. தலைசுற்றல், காது மொத்தமாகக் கேட்காமல் போவது, முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது. 'சுவையில் மாற்றம்' என்பது கீழே எங்கோ ஒரு வரி. முகம் இழுத்துக்கொள்ளும் என்ற வரியைப் பார்த்துப் பயந்த கண் அதற்குக் கீழே இறங்கவே இல்லை. யாரும் மறைக்கவில்லை, ஆனால் யாரும் வாய் திறந்து சொல்லவும் இல்லை. எனக்கு இன்னும் அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. சமையல்கட்டில் பாதி நாள் கழிக்கிறவளிடம் அந்த ஒரு வரியை விரல் வைத்துக் காட்டியிருக்கலாம்.

காதுக்குள் நாக்குக்கு என்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள், நானும் அதைத்தான் கேட்டேன். முகத் தசைகளுக்குப் போகும் நரம்பிலிருந்து ஒரு மெல்லிய கிளை பிரிந்து, நடுக்காதுக்குள் நுழைந்து, சுத்திக்கும் பட்டடைக்கும் இடையில், செவிப்பறைக்குப் பின்னால், கொடிக்கயிறு கட்டினது போலக் குறுக்கே போகிறது. பெயர் கார்டா டிம்பனி, முரசின் நரம்பு என்று அர்த்தம். தையல் நூல் அளவுதான் இருக்கும். காதைவிட்டு வெளியே வந்து, நாக்குக்குத் தொடு உணர்ச்சி கொண்டுபோகும் வேறொரு நரம்போடு சேர்ந்துகொண்டு, நாக்கின் முன் மூன்றில் இரண்டு பாகத்துக்குப் போகிறது. அந்தந்தப் பக்கத்துக் காது, அந்தந்தப் பக்கத்து நாக்கு. கீழ்த்தாடையிலும் நாக்கடியிலும் உள்ள எச்சில் சுரப்பிகளுக்கும் இதே கிளைதான். அங்கவடியைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கொடியைக் கொஞ்சம் ஒதுக்காமல் முடியாது. புளிப்பு சுள்ளென்றது அந்த நொடியாகத்தான் இருக்க வேண்டும்.

ஏன் இப்படிச் சுற்றிப் போகிறது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது, அறிவியல் டீச்சர் என்பதால் இதை விட மனசில்லை. நம் காதிலுள்ள சுத்தியும் பட்டடையும் ஒரு காலத்தில் ஊர்வனவற்றின் தாடை மூட்டு எலும்புகள். 1837-லேயே கார்ல் ரைஷர்ட் என்ற ஜெர்மானியர் பன்றிக் கருக்களை அறுத்துப் பார்த்து இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தார். பாலூட்டிகளில் அந்த எலும்புகள் தாடையிலிருந்து காதுக்குக் குடிபோனபோது, கூடவே ஒட்டிப் போய்க்கொண்டிருந்த நரம்பும் அந்த வழியை விடவில்லை. வீடு மாறியும் பழைய ரேஷன் கடைக்கே நடக்கிறவர்களைப் போல.

ஒரு வாரம் கழித்துக் காதுப் பஞ்சை எடுக்கப் போனபோது களிம்பைப் பற்றிச் சொன்னேன். "நரம்பு அறுபடல டீச்சர், கொஞ்சம் இழுபட்டிருக்கு. மூணு மாசத்துலேருந்து ஒரு வருஷத்துக்குள்ள பெரும்பாலும் சரியாயிடும்" என்றார் டாக்டர். அறுபடவில்லை என்றதும் பெரிய நிம்மதி. அப்புறம் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால், சுத்தமாக அறுபட்டவர்களைவிட இழுபட்டவர்கள்தான் பல ஆய்வுகளில் அதிகம் புலம்பியிருக்கிறார்கள். அறுந்த கம்பியில் சத்தமே வராது. பாதி விட்டுப்போன கம்பியில்தான் கரகரவென்று வந்துகொண்டே இருக்கும், மூளை அதை ருசி என்று எடுத்துக்கொள்ளும். அதே போல, வருஷக்கணக்காகக் காதில் சீழ் வடிந்தவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் இந்தத் தொந்தரவு அவ்வளவாகத் தெரிவதில்லையாம், நரம்பு ஏற்கெனவே நைந்துபோய் நாக்கும் அதற்குப் பழகியிருக்கும். என்னைப் போல நல்ல நரம்பை வைத்துக்கொண்டு உள்ளே போகிறவர்களுக்குத்தான் போனது பளிச்சென்று தெரிகிறது.

"கொரோனாவா இருக்குமோ?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதில் பெரும்பாலும் போவது மணம், எனக்குப் போனது ருசி. காபி டவராவை மூக்கருகே கொண்டுபோனால் பழைய காபிதான். வாயில் வைத்ததும் களிம்பும் காபியும். இரண்டும் கலந்து எது எங்கே என்று சொல்ல முடியாது. நாக்குக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. எந்த இடத்தில் தொடு உணர்ச்சி இருக்கிறதோ அந்த இடத்தில்தான் ருசியும் வருவதாக மூளை கணக்குப் பண்ணிக்கொள்ளும். அதனால் பாதி நாக்கு வேலை செய்யாவிட்டாலும் வாய் நிறைய ருசிப்பது போலவே இருக்கும். களிம்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் பாதி நாக்கு போனதே எனக்குத் தெரிந்திருக்காது.

தெரிந்துகொண்டது எப்படி என்றால், என் மகளால். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். காது குடையும் பஞ்சுக் குச்சிகளை எடுத்து, சர்க்கரைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் நாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, நாக்கைத் துணியால் துடைத்துவிட்டு, இடது ஓரத்தில் ஒரு தொடு, வலது ஓரத்தில் ஒரு தொடு. பதில் சொல்கிற வரை நாக்கை உள்ளே இழுக்கக்கூடாது, இழுத்தால் எச்சிலில் கலந்து மறுபக்கம் போய்விடும். முதல் தடவை அந்தத் தப்பைப் பண்ணி எல்லாம் சரியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாம் தடவை, நாக்கை நீட்டிக்கொண்டே விரலால் சைகை காட்டியதில், இடது முன்பக்கத்தில் நாலுமே பூஜ்யம்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, பின்னால் கசப்பு என்று ஒரு நாக்குப் படம் உண்டே, அதை நான் பதினோரு வருஷம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். 1901-ல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் நாக்கின் இடத்துக்கு இடம் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்களை அளந்து எழுதியதை, பின்னால் வந்தவர்கள் ஊதிப் பெரிதாக்கி எல்லை போட்டுப் பிரித்துவிட்டார்கள். ருசி மொட்டு இருக்கும் இடமெல்லாம் எல்லா ருசியும் தெரியும். என் வலது முன்பக்கத்தில் வெந்தயம் கசந்தது, இடது நுனியில் சர்க்கரை இனிக்கவில்லை. அந்தப் படத்தை இப்போது வரைவதில்லை.

இன்னொரு பாடம், நம் அறுசுவை. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு நாலும் இடது பக்கத்தில் இல்லாமல் போயின. கார்ப்பும் துவர்ப்பும் போகவில்லை! மிளகாய்த் தண்ணீரைத் தொட்டால் இடது பக்கமும் சுரீரென்று எரிந்தது, வாழைப்பூவை மென்றால் இடது பக்கமும் இழுத்துப் பிடித்தது. காரம் என்பது ருசி நரம்பின் கணக்கில் வருவதில்லை, சூட்டையும் வலியையும் அறிகிற நரம்பின் கணக்கு. மிளகாயின் எரிச்சலைப் பிடிக்கிற அந்த ஏற்பியைக் கண்டுபிடித்ததற்குத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. துவர்ப்பும் பெரும்பாலும் தொடு உணர்ச்சிதான். அந்த நரம்பு காதுக்குள் போவதில்லை, அதனால் தப்பித்தது. முதல் மூன்று மாதம் நான் உயிர் வாழ்ந்தது மிளகாய்த் துவையலால். எதைக் கொடுத்தாலும் பக்கத்தில் காரமாக ஒன்று இருந்தால் களிம்பு கொஞ்சம் அடங்கும். வயிறு என்ன சொன்னது என்பது வேறு கதை.

மாத்திரையின் கசப்பு மட்டும் முழுசாகத் தெரிந்தது, ஏனென்றால் நாக்கின் பின்பாகத்துக்கு வேறு நரம்பு. கடவுளே, அதையாவது எடுத்துக்கொண்டு போயிருக்கக்கூடாதா?

சமையல்தான் பெரிய சங்கடம். திருச்செந்தூர் போகும் நாள் விடிகாலையில் புளியோதரை கிளறினேன். ருசி பார்த்தேன், உப்புப் போதவில்லை என்று பட்டது, போட்டேன். மறுபடி பார்த்தேன், மறுபடி போட்டேன். பஸ்ஸில் பொட்டலத்தைப் பிரித்து என் வீட்டுக்காரர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மகள் என்னைப் பார்த்தாள். அத்தை மட்டும் முழுப் பொட்டலத்தையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, "கடல் பக்கத்துலதானே போறோம், சேர்ந்துதான் இருக்கு" என்றார். அன்றிலிருந்து உப்புப் பார்ப்பது மகளின் வேலை. நான் அளவுக் கரண்டிக்கு மாறினேன். இருபது வருஷம் கைக்கணக்கில் போட்டவளுக்கு அது கண்ணாடி போட்டுக்கொண்டது போல முதலில் கூச்சமாக இருந்தது.

"உனக்கு எப்படித்தாம்மா இருக்கு?" என்று மகள் அடிக்கடி கேட்பாள். சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் பொடி வாங்கி வந்தேன். சர்க்கரைக்கொல்லி என்பார்களே, அதுதான். அதில் உள்ள ஒரு பொருள் இனிப்பை அறிகிற ஏற்பிகளை அரை மணி நேரம் போல அடைத்துவிடும். கால் ஸ்பூன் நாக்கில் வைத்துத் துப்பச் சொல்லிவிட்டு, சர்க்கரையைக் கொடுத்தேன். "மண்ணு மாதிரி இருக்கும்மா" என்று முகத்தைச் சுளித்தாள். ஆமாம், அதுதான், அத்தோடு ஒரு பித்தளை டம்ளரையும் நக்கிக்கொண்டிரு என்றேன்.

எப்படித் திரும்பி வந்தது என்று போன் செய்த அந்தப் பெண் கேட்டாள். ருசி மொட்டில் உள்ள செல்கள் சாதாரணமாகவே பத்துப் பதினைந்து நாளில் செத்துப் புதிதாக முளைக்கிறவை. ஆனால் நரம்பு இருந்தால்தான் முளைக்கும், நரம்பு போனால் மொட்டே சுருங்கிவிடும். கேக்குக்குப் போடும் நீலக் கலரை நாக்கில் தடவி, டார்ச் அடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் மொட்டுகள் இருக்கும் குமிழ்கள் மட்டும் நீலம் ஏறாமல் இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். இரண்டாம் மாதம் பார்த்தபோது என் வலது பக்கம் பொரி சிதறினது போல இருந்தது, இடது பக்கம் அங்கொன்று இங்கொன்று. நரம்பு மறுபடி வளர்வது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்று கணக்கு. காதிலிருந்து நாக்கு நுனிக்குப் போய்ச் சேர எத்தனை நாள் என்று பிஞ்சு போட்ட வெள்ளரிக் கொடியைப் பார்க்கிற மாதிரி நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுசாக அறுந்தவர்களுக்குக்கூட, இரண்டாவது முறை காதைத் திறக்கும்போது நரம்பு தானே வளர்ந்து ஒட்டியிருந்ததை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்பது பெரிய தைரியமாக இருந்தது.

பஞ்சுக் குச்சிச் சோதனையை எழுதி வைத்த நோட்டில் உள்ளபடி எனக்கு நடந்தது இது. மூன்றாம் மாதக் கடைசியில் இடது நுனியில் எறும்பு ஊர்வது போல. நாலாம் மாதம் ஒரு நாள் உப்பு. பஞ்சுக் குச்சியை வைத்ததும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது, என்ன என்று சொல்ல முடியவில்லை, பத்து எண்ணுவதற்குள் உப்பாக மாறியது. ஐந்தாம் மாதம் புளிப்பு. களிம்பு எந்த நாளில் போனது என்று சொல்லத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் பள்ளியில் தயிர்சாதம் சாப்பிட்டு டப்பாவைக் கழுவும்போது, இன்றைக்குக் களிம்பை நினைக்கவே இல்லையே என்று தோன்றியது. இனிப்புதான் கடைசி, எட்டாம் மாதம். இப்போதும் வலது பக்கத்தைவிட மங்கல்தான், சர்க்கரைத் தண்ணீரைக் கெட்டியாகக் கரைத்தால்தான் பிடிபடுகிறது. இடது பக்கம் வாய் காய்வது முழுசாகப் போகவில்லை, ரஸ்க் சாப்பிட்டால் கையில் தண்ணீர் வேண்டும். துத்தநாக மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு மாதம் சாப்பிட்டேன். அதற்கு நன்றி சொல்லவும் தோன்றவில்லை, குறை சொல்லவும் தோன்றவில்லை.

இன்னொரு முறை கேட்டால் ஆபரேஷனுக்குச் சரி என்பேனா? என்பேன். முன்பெஞ்சுப் பிள்ளை முணுமுணுப்பது இப்போது கேட்கிறது, அவை எல்லாமே கேட்கத் தக்கதா என்பது வேறு. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு வெறும் கேள்வியாக இல்லை. இந்த நோய் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு காதிலும் வரும், என் வலது காதும் இறங்கிக்கொண்டு வருகிறது. ஒரு பக்கம் தேறாமல் மறுபக்கம் கை வைக்க டாக்டர்கள் தயங்குவார்கள், இரண்டு பக்கத்து நரம்பும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் ருசியும் போய் வாயும் காய்ந்து சாப்பாடே பாரமாகிவிடும். அதனால்தான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன். அரையாண்டு லீவில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியில் விரல் வைத்து, இழுக்காமல் செய்ய எவ்வளவு முடியும், முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்கப்போகிறேன்.

நேற்று ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் மகள் நாலு கிண்ணங்களையும் எடுத்து வைத்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் வலது பக்கம் எப்படி இருந்தது என்று எழுதி வைக்காமல் போனால் அப்புறம் எதோடு ஒப்பிடுவது என்பது அவள் வாதம், எனக்கே பாடம் நடத்துகிறாள். புது நோட்டு, முதல் பக்கத்தில் தேதி. நான் நாக்கை நீட்டினேன்.

"இழுக்காதம்மா" என்றாள்.